மாடனுக்கு நேர்ந்த முட்டை

சாப்பாட்டுப் பேச்சில் யாராவது 'சூடு' என்ற சொல்லை எடுத்தால் எனக்கு உடனே கோபம் வரும். போன மாதமும் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்தாள். அவள் பையனுக்கு ஏழு வயது. ஓரிடத்தில் இருக்கமாட்டான். ஒரு காலில் செருப்பைப் போட்டுவிட்டு அடுத்த காலை மறந்துவிடுவான். டாக்டரிடம் காட்டினார்கள். அவர் ஏடிஹெச்டி என்று பெயர் சொல்லி, மருந்தும் கொடுத்து, சாப்பாட்டையும் கொஞ்சம் சரிசெய்யச் சொல்லியிருக்கிறார். வெறும் வயிற்றோடு பள்ளிக்கு அனுப்பாதீர்கள், முட்டை, மீன், பயறு, கடலை என்று ஏதாவது உள்ளே போகட்டும், சாயம் போட்ட தின்பண்டத்தைக் குறைத்துப் பாருங்கள் என்றாராம். சாப்பாட்டால் மட்டும் இது சரியாகிவிடாது, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி கேட்காது என்றும் சொன்னாராம். நல்ல டாக்டர். அளந்து பேசியிருக்கிறார்.

மகளின் மாமியார்தான் குறுக்கே விழுந்தாள். பிள்ளைக்கு ஏற்கனவே உடம்பில் சூடு, அதனால்தான் ஆடுகிறான், இதில் முட்டை வேறா என்று. போனை அந்த அம்மாளிடம் கொடு என்றேன். நான் பேசியதை இங்கே எழுத முடியாது. மகள் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். பையனுக்குக் காலையில் முட்டை போகிறது.

எனக்கும் அந்தச் சொல்லுக்கும் பழைய பகை. அதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எழுபதுகளின் கடைசி. தென்காசியில், அப்போது மொட்டையாக நின்ற கோயில் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குச் செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் வேலை. அம்மா வீட்டில் பீடி சுற்றுவாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, புருஷன் போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அதனால் அடுப்பு அவள் கையில் இருந்தது. அடுப்பு யார் கையிலோ வீடு அவர்கள் கையில். அம்மா மடியில் சுளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு இலையும் தூளுமாகக் குனிந்தே இருப்பாள். அவள் குரலை நான் அதிகம் கேட்டதில்லை.

என்னைச் சேட்டைக்காரி என்றார்கள். நான் சேட்டை செய்யவில்லை. இதை அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன். சேட்டை என்றால் யோசித்துச் செய்வது. நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. கை போன பிறகுதான் கை போனது எனக்கே தெரியும். உட்கார் என்றால் உட்காருவேன். பிறகு பார்த்தால் சன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பேன். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? சொல்லத் தெரியாததற்கு ஓர் அடி, தொங்கியதற்கு ஓர் அடி.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் மணி. தண்ணீர் குடிக்கப் போன நான் ஒருநாள் அதன் அடியில் கிடந்த இரும்புக் கம்பியைப் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. அடுத்து நான் நீள மணி அடித்துக்கொண்டிருந்தேன். நீள மணி என்றால் பள்ளி விட்டது என்று அர்த்தம். காலை வெயில் ஏறும் முன்பே மொத்தப் பள்ளியும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. வாத்தியார்கள் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைப் பொறுக்கி வந்தார்கள். பாதிப்பேர் அகப்படவில்லை.

அம்மாவை வரச்சொன்னார்கள். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறையோடு அவள் தலைமை ஆசிரியர் முன்னால் நின்றாள்.

"அரைப்பரீட்ச வரைக்கும் பாக்கேம்மா. அதுக்குள்ள இவ ஒழுங்கா ஒரு எடத்துல உக்காந்து பழகினாச் சரி. இல்லேன்னா கூட்டிட்டுப் போயிருங்க. பொம்பளப் பிள்ளதான? வீட்டுல பீடிக்கு முடி மடக்கட்டும்" என்றார் அவர்.

சுற்றிய பீடியின் நுனியை உள்ளே மடக்கி அடைப்பதுதான் முடி மடக்குவது. சின்னப் பிள்ளைகளைத்தான் உட்கார்த்தி வைப்பார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை குத்தவைத்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. பாடம் நடக்கும்போது உட்காரத் தெரியாதவளை, வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அனுப்பச் சொன்ன அந்த அறிவை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

 திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா என் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள். சந்து முனையில் நின்றாள். "ஒன் மடியில சொளவு வராது, கேட்டியா? வர விடமாட்டேன்" என்றாள். யாரிடமோ சண்டை போடுகிற மாதிரி சொன்னாள். எனக்குப் பயமாக இருந்தது.

அத்தைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. "புள்ளைக்கு ஒடம்பெல்லாம் சூடு. சூடு மண்டைக்கு ஏறிட்டு. எறக்கணும்" என்றாள்.

அவள் மனதில் உலகத்துச் சாப்பாடெல்லாம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒன்று சூடு, இன்னொன்று குளிர்ச்சி. முட்டை சூடு. மீன் சூடு. கருவாடு கேட்கவே வேண்டாம். நிலக்கடலை சூடு. எள்ளு, கருப்பட்டி, கொள்ளு எல்லாம் சூடு. என் தட்டிலிருந்து இவையெல்லாம் போயின. குளிர்ச்சி எது? சீனி போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி. நீத்தண்ணி, அதாவது பழைய சோற்று நீர். பிறகு, கலர்.

கலர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சோடாக் கடையில் பாட்டிலில் வரும் இனிப்புத் தண்ணீர். ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்று சாயம் கலந்திருக்கும். குடித்தால் நாக்கு அந்த நிறமாகிவிடும். கடைக்காரர் அதை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பார். அத்தை தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. சில்லென்று இருந்தால் குளிர்ச்சிதானே! அவள் மூளை அந்த இடத்தில் நின்றுவிட்டது. தினம் பள்ளி விட்டு வந்ததும் எனக்கு ஒரு கலர். காலையில் பள்ளிக்குப் போகும் முன் சீனிக் கஞ்சி. சந்துப் பிள்ளைகளிலேயே நின்று நிதானமாக இருக்கத் தெரியாத ஒருத்திக்கு, மற்ற எந்தப் பிள்ளைக்கும் இல்லாத அளவு சீனியும் சாயமும் ஊற்றினாள் என் அத்தை. ஊற்றிவிட்டு, பிள்ளை ஏன் இன்னும் ஆடுகிறது, சூடு இன்னும் இறங்கவில்லை என்று இன்னொரு பாட்டில் வாங்கினாள். அவள் கெட்டவள் இல்லை. தன் வெற்றிலையைக் குறைத்துக்கொண்டுதான் எனக்கு வாங்கிக் கொடுத்தாள். பாசத்தோடு செய்கிற மடத்தனத்தை எதிர்த்துச் சண்டை போடக்கூட முடியாது. அதுதான் இன்னும் எரிச்சல்.

எனக்கென்ன, கலர் என்றால் உயிர். குடித்துவிட்டுச் சிவந்த நாக்கை நீட்டிக்கொண்டு சந்து முழுக்க ஓடுவேன்.

அரைப்பரீட்சை நெருங்குவதற்குள் சூட்டை ஒரேயடியாக இறக்கிவிட அத்தை ஒரு வழி சொன்னாள். "குத்தாலத்துல கொண்டு தலையக் குடுத்தா தெளிஞ்சிரும்."

எங்கள் பக்கத்தில் இதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். புத்தி பேதலித்தவர்களை அருவியில் நிறுத்துவது வழக்கம். ஆடி மாதம், சாரல் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அத்தையும் அம்மாவும் என் தலையில் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து மெயின் அருவிக்குக் கூட்டிப்போனார்கள். பெண்கள் பக்கத்தில் எனக்கு அடுத்து யாரோ ஓர் அக்காவைக் கொண்டுவந்திருந்தார்கள். தலை மொட்டை. இடுப்பில் கயிறு. கயிற்றின் நுனி அவள் அம்மா கையில். என் இடுப்பிலும் அத்தை ஒரு துண்டைக் கட்டி நுனியைப் பிடித்திருந்தாள். தண்ணீர் தலையில் விழுந்தபோது அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளும் நானும் ஒரே காரியத்துக்காக அங்கே நிற்கிறோம் என்று எனக்குத் தெரியாது. நல்ல விளையாட்டு என்று நினைத்தேன். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அத்தையின் கையிலிருந்து துண்டைப் பிடுங்கி அவிழ்த்துவிட்டாள்.

"மண்டலம் பூராவும் குளிக்கணும்" என்றாள் அத்தை. பள்ளிக்குக் காய்ச்சல் என்று சொல்லியாயிற்று. குற்றாலத்தில் அம்மாவின் அக்கா இருந்தாள். ஐந்தருவிப் பாதையில் ஓலைக் கொட்டகை போட்டுச் சீசனுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்தினாள். தினம் அருவியில் முக்கியெடுக்கச் சொல்லி என்னை அவளிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

பெரியம்மாவுக்குச் சூடும் தெரியாது, குளிர்ச்சியும் தெரியாது. நேரமும் கிடையாது. விடியும் முன் அடுப்பு மூட்டுவாள். ஆட்கள் வரத் தொடங்கிவிட்டால் எனக்குச் சோறு போட முடியாது, அதனால் கடை திறக்கும் முன்பே என்னை உட்கார்த்தி வயிறு முட்டப் போட்டுவிடுவாள். எதைப் போடுவாள்? விற்க முடியாததை. கூடையில் விரிசல் விட்ட முட்டை தினம் இருக்கும். அது என் பங்கு. கேரளத்திலிருந்து புளியறை வழியாக லாரியில் சாளை மீன் வரும். மலையாளத்து ஆட்கள் மத்தி என்று கேட்டு வாங்கித் தின்பார்கள். அதில் வயிறு கிழிந்தது, தலை போனது எல்லாம் என் தட்டுக்கு. முந்தின நாள் மிஞ்சிய சுண்டல். கேப்பைக் கூழ். சீனி டப்பாவைப் பூட்டிச் சாவியை முந்தியில் முடிந்துகொள்வாள், வேலைக்கு நிற்கிற பயல்கள் அள்ளித் தின்றுவிடுவார்கள் என்று. கலர் கேட்டேன்.

"எங்கன போய் வாங்குவே? அந்தச் சோடாக்கடைக்காரன்கிட்டயா? எச்சி எலையக் கொண்டுவந்து என் வாசல்ல தட்டுதவன் கடையில நம்ம காலு படக்கூடாது. பட்டுச்சுனா முறிச்சுப்புடுவேன்" என்றாள்.

இவ்வளவுதான் காரணம். ஒரு கூடை உடைந்த முட்டை, ஒரு பூட்டு, ஒரு எச்சில் இலைச் சண்டை. இதில் ஞானம் ஒன்றும் இல்லை.

பொழுது முழுக்கத் தண்ணீர் சுமந்தேன், இலை போட்டேன், ஓடினேன். ஓடு என்று சொல்லி ஓடியது எனக்கு அதுதான் முதல் தடவை. இருட்டியதும் செத்த மாதிரி தூங்கினேன்.

மண்டலம் முடிந்து அம்மா கூப்பிட வந்தாள். நான் கொட்டகைக்குப் பின்னால் சின்ன உள்ளி, அதுதான் சின்ன வெங்காயம், உரித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் தொலி குவிந்து கிடந்தது. அம்மா வந்ததை நான் பார்க்கவில்லை. அவள் கூப்பிடாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பிறகு உள்ளே போய்ப் பெரியம்மாவிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

"யக்கா, இவளுக்கு என்ன குடுத்தே?"

"என்னத்தக் குடுத்தேன்? ஒடஞ்ச முட்டையும் செத்த மீனும். ஏன், ஒம் புள்ள எளச்சிட்டாளாக்கும்?"

"எளைக்கல்ல. உக்காந்திருக்கா."

"உக்காராம? உரிக்கச் சொன்னா உக்காந்துதான உரிக்கணும்?" என்றாள் பெரியம்மா. அவளுக்கு இதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை.

வீட்டில் அத்தை வெற்றி கொண்டாடினாள். அருவித் தண்ணீர் சூட்டை இறக்கிவிட்டது என்று சந்து முழுக்கச் சொன்னாள். கொண்டாட்டத்துக்கு என்ன? கலர்தான். காலையில் மறுபடியும் சீனிக் கஞ்சி. கொஞ்ச நாளில் நான் பள்ளிச் சுவர் மேல் நடந்துகொண்டிருந்தேன். தலைமை ஆசிரியர் ஆள் அனுப்பினார். "தண்ணி பத்தல. மறுபடியும் கொண்டு போடணும்" என்றாள் அத்தை.

அம்மா சுளவிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கை வேலையைப் பார்த்துப் பார்த்துப் பழக்கம். இலை சரியில்லையா, தூள் சரியில்லையா, கை சரியில்லையா என்று பீடியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்படித்தான் என்னையும் பார்த்தாள்.

அத்தை சுரண்டையில் ஒரு சொந்தக்காரப் பெண்ணின் பிரசவத்துக்காகப் போய்த் தங்கினாள். அடுப்பு அம்மா கைக்கு வந்தது. அம்மா எனக்குக் காலையில் முட்டை அவித்தாள், மதியம் கருவாடு போட்டாள், சாயங்காலம் வறுத்த கடலை. அந்த நாட்களில் டீச்சர் என்னை வெளியில் நிறுத்தவில்லை. அத்தை சுரண்டை மிட்டாயோடு திரும்பி வந்தாள். நான் மறுபடி சன்னலில் ஏறினேன். அம்மாவுக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

இன்று நான் கலர்தான் காரணம் என்று சத்தியம் செய்யமாட்டேன். சீனி தின்ற எல்லாப் பிள்ளையும் சன்னலில் ஏறுவதில்லை. என் குணம் என்னோடு பிறந்தது. ஆனால் வெறும் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போனவள் நான். முதல் மணியிலேயே வயிறு காந்தும். சாதாரணப் பிள்ளையே பசித்தால் உட்காராது. நான் எங்கே உட்காருவேன்?

தெரிந்துவிட்டது சரி. அத்தையை எப்படி மாற்றுவது? நேரே சொன்னால், நேற்று வந்தவள் எனக்குப் புத்தி சொல்லுகிறாள் என்று அப்பாவிடம் அழுவாள். அப்பா "அக்கா சொன்னா சரி" என்பார். அவருக்கு அந்த ஒரு வாக்கியம்தான் தெரியும்.

ஒரு சாயங்காலம் அத்தை கலர் பாட்டிலோடு வந்தாள். அம்மா சுளவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். வேலை நேரத்தில் அவள் எழுந்து நான் பார்த்ததில்லை.

"மதினி, அந்தக் கலரக் கீழ வைங்க. அவ குடிக்கக்கூடாது. நான் மாடனுக்கு நேந்திருக்கேன்."

அத்தை நின்றுவிட்டாள். "எந்த மாடனுக்கு?"

"நம்ம சொடலமாடனுக்குத்தான். அடுத்த கோயில் கொட வரைக்கும் இவ வாயில கலரு, வெள்ளச் சீனி படக்கூடாது. காலம்பற முட்ட திங்கணும். மீனோ கருவாடோ கெடைக்கிற அன்னைக்கு விடக்கூடாது. பயறு, கடல தெனமும்."

"ஏட்டி, விடுததுக்குத்தான நேருவாவ? திங்கதுக்கு எவளாவது நேருவாளா?"

"மாடன் பின்ன என்ன கேக்கும், தயிர்சாதமா?"

 உண்மைதானே. சுடலைமாடனுக்குப் படைப்பில் முட்டையும் கருவாடும் கறியும்தான் வைப்போம். "நல்லவேள, சுருட்டும் சாராயமும் சேத்து நேராம விட்டியே" என்று அத்தை முனகினாள். பிறகு குரல் இறங்கியது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"அருவிக்கரையில வச்சு அந்தக் கயிறு கட்டின பிள்ளையப் பாத்தேன் மதினி. வாய் தானா சொல்லிட்டு."

அது பச்சைப் பொய். அம்மா எந்த மாடனுக்கும் எதையும் நேரவில்லை. ஆனால் நேர்ச்சையை முறிக்கும் தைரியம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. அத்தை அந்தக் கலரைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டாள். மறுநாள் விடியும்போது அவளே முட்டை அவித்துக்கொண்டிருந்தாள். அவித்து, தோலை உரித்து, கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு என் வாயில் திணித்தாள். "மீதி வச்சிராதட்டி சவமே, மாடன் பாத்துக்கிட்டிருக்கும்" என்பாள். எனக்குத் தின்னப் பிடிக்காத நாளிலும் விடமாட்டாள். டாக்டர் சொன்னால்கூட ஒரு வீடு இவ்வளவு ஒழுங்காகச் செய்யாது.

நான் முழுசாக நம்பினேன். சன்னல் வழியாக மாடன் என் தட்டை எட்டிப் பார்க்கிறது என்று நினைத்துப் பயற்றை ஒவ்வொன்றாக எண்ணித் தின்றேன். ஒருநாள் பள்ளியில் எவளோ கொடுத்த மிட்டாயைத் துப்பிவிட்டு அழுதேன்.

நான் தங்கப் பிள்ளையாக மாறிவிடவில்லை. கணக்கு நோட்டை மூன்று தடவை தொலைத்தேன். காலை ஆட்டிக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் பாடம் முடியும் வரை பெஞ்சில் இருந்தேன். டீச்சர் சொன்னது கடைசி வரை காதில் விழுந்தது. விழுந்தால் எனக்குப் புரிந்தது. நான் மக்கு இல்லை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எங்கள் டீச்சர் இன்னொன்றும் செய்தாள். இவள் எப்படியும் எழுந்து ஓடத்தான் போகிறாள், ஓடுவதை உருப்படியாக ஓடட்டும் என்று தலைமை ஆசிரியரிடம் பேசி, மணி அடிக்கும் வேலையை என்னிடம் கொடுக்கவைத்தாள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் வேப்பமரத்துக்கு ஓடி அடித்துவிட்டு ஓடிவருவேன். முட்டை பாதி, மணி பாதி. அரைப்பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேறினேன். தலைமை ஆசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு, "குத்தாலத் தண்ணி நல்லாக் கேட்டிருக்கு" என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். என் மடிக்குச் சுளவு வரவில்லை. கடைசி வரை வரவில்லை.

சித்திரையில் கொடைத் திருவிழா வந்தது. எங்கள் மாடன் கோயில் ஊருக்கு வெளியே, வயல் தாண்டி, ஆலமரத்தடியில். கோயில் என்றால் ஒரு பீடம், அவ்வளவுதான். அம்மா அந்த வழியாகப் போகும்போது பீடத்தின் பக்கம் திரும்பவே மாட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடப்பாள். எங்கள் வீட்டிலேயே மாடனுக்கு அதிகம் பயந்தவள் அவள்தான்.

மதியக் கொடை. வில்லுப்பாட்டு முடிந்து மேளம் முழங்கியது. சாமியாடி கையில் வல்லயம் என்னும் ஈட்டியோடு ஆடிவந்தார். மற்ற நாளில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற மனிதர்தான். அன்று கண் வேறு மாதிரி இருந்தது. அத்தை என்னை இழுத்துக்கொண்டு கூட்டத்தைத் தள்ளி முன்னே போனாள். அம்மா "வேண்டாம் மதினி, கூட்டமா இருக்கு, வேண்டாம்" என்று பின்னாலேயே வந்தாள். அத்தை காதில் வாங்கவில்லை. அவள் செய்த வேலைக்குச் சான்று வேண்டுமே.

"நேர்ச்சப் பிள்ள வந்திருக்கு சாமி. ஒங்களுக்கு நேந்துக்கிட்டது நெறஞ்சுதா? வாக்கு சொல்லணும்" என்று கத்தினாள்.

மேளம் தணிந்தது. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். என் தோளை அம்மா பிடித்திருந்தாள். மெல்லப் பின்னால் இழுத்தாள். சாமி என்னைப் பார்த்தது. பிறகு என் தலைக்கு மேல் அம்மாவைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது.

"பிள்ளைக்குக் குடுத்தது எனக்குக் குடுத்ததுதான்" என்றது. திருநீற்றை அள்ளி என் நெற்றியில் அப்பிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டது.

அத்தை குலவையிட்டாள். அம்மா நிற்கமாட்டாமல் பீடத்துக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் போடுகிற மாதிரி மெதுவாகத் தொட்டுப் போடவில்லை. அறைந்தாள். சத்தம் கேட்டது. அறைந்துகொண்டே இருந்தாள். கன்னம் சிவந்து, பீடிக்கறை விரல்கள் அதில் பதிந்துவிட்டன. வாய் என்னவோ முணுமுணுத்தது. சந்தோஷத்தில் நன்றி சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். பெரிய மனுஷிகள் சந்தோஷத்தைக்கூட இப்படி அடித்துக்கொண்டுதான் கொண்டாடுவார்கள் போலிருக்கிறது என்று தோன்றியது.

எனக்கு வேறு யோசனை வந்துவிட்டது. கொடைக் கூட்டத்தில் சோடாக்காரர் ஐஸ் பெட்டியோடு நின்றிருந்தார்.

"அம்மா, நேர்ச்ச முடிஞ்சிட்டுல்லா? இனி கலர் குடிக்கலாமா?"

அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். சரி, நேர்ந்தது மாடனுக்கு, கேட்க வேண்டியது மாடனிடம்தானே. பீடத்தின் முன்னால் போய் நின்று, கையைக் கூப்பி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துச் சத்தமாகத் தொடங்கினேன். "மாடா, எங்கம்மா ஒனக்கு நேந்தாளே, அந்த..."

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். இரண்டு கையாலும் பொத்தி என்னைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். புகையிலை வாசமும் திருநீறும் மூக்கில் ஏறின. அவள் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், கையை மட்டும் எடுக்கவே இல்லை. கேட்டால்தான் என்ன, மாடன் பதில் சொல்லிவிடப் போகிறதா என்று எரிச்சலோடு திமிறிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்தப் பயம்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.